பூசணித் தலைக்குள் ஒரு சாவி

"அம்மா, இவனோட தலைக்குள்ள ஒண்ணுமே இல்லையாம்! நாம எதையாவது ஒளிச்சு வெச்சுக்கலாமாம்!"

என் மகன் போட்ட கூச்சலில் அடுப்பிலிருந்த ரசத்தை அணைத்துவிட்டு ஓடினேன். அவனுக்குப் பதினொரு வயது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, பாத்ஃபைண்டர் விளையாட்டுக்காக வாழ்க்கையிலேயே முதல் கதாபாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தான். திரையில் லெஷி என்னும் இனம் திறந்திருந்தது. செடிகொடிகளால் ஆன சின்ன உடம்பில் இயற்கையின் ஆவி ஒன்று குடிபுகுந்தால் அதுதான் லெஷி. அதில் பூசணி வகை ஒன்று உண்டு. அந்த வகைக்குத் தலை பொள்ளல். உள்ளே பொருள் வைக்கலாம் என்று விதியே சொல்கிறது.

பல நூறு பக்கங்கள் கொண்ட விதிப் புத்தகங்களை நான் இருபது வருடமாகப் படித்து வருகிறேன். இப்படி ஒரு வரி இருப்பது எனக்குத் தெரியாது. பாத்பில்டர் என்ற ஒரு மென்பொருள், பத்தே நிமிடத்தில், விதிப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காத ஒரு பையனின் கையில் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. அன்று மாலை நான் பட்ட சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதை சொல்லி. உலகத்தையும் அதிலுள்ள ஊர்களையும் பூதங்களையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கதாபாத்திரம். "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், குதிக்க முடிந்ததா, கால் முறிந்ததா என்பதைப் பகடை சொல்லும். உங்கள் கதாபாத்திரத்தின் பலம், வேகம், பயிற்சி, கையிலுள்ள கயிறு வரை எல்லாம் ஒரு தாளில் இருக்கும். அதைக் கேரக்டர் ஷீட் என்போம். அந்தத் தாளை நிரப்புவதுதான் கதாபாத்திரத்தின் பிறப்பு.

நான் இருக்கும் மில்வாக்கியிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் எழுதியது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். அந்தக் காலத்தில் கதாபாத்திரம் உருவாக்க ஒரு காகிதமும் பென்சிலும் மூன்று பகடையும் போதும். மூன்றையும் சேர்த்து ஆறு முறை உருட்டினால் வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம் என்ற ஆறும் வந்துவிடும். மூன்று பகடையிலும் ஆறு விழுந்து 18 கிடைப்பதற்கு 216-இல் ஒரு வாய்ப்பு. ஏரிக்கரையில் நின்று அந்தப் பெட்டியை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நான் விளையாட வந்தபோது அந்த எளிமை போய்விட்டிருந்தது. 2004-இல் மேற்படிப்புக்காக இங்கே வந்தேன். விடுதித் தோழிகள் என்னைத் தங்கள் மேசைக்கு இழுத்துப் போனார்கள். அப்போது ஆடியது டி அண்ட் டி மூன்றரைப் பதிப்பு. என் முதல் கதாபாத்திரத்தின் வகுப்பு, அதாவது தொழில், ரோக். பூட்டுடைப்பது, ஒளிந்து நடப்பது, பொய் சொல்வது இவற்றில் கைதேர்ந்தவள். அனுபவம் கூடக் கூட ஏறும் ஒவ்வொரு நிலையிலும் ரோக்குக்கு எட்டுத் திறன் புள்ளி உண்டு. அதோடு அறிவின் உபரியைக் கூட்ட வேண்டும். முதல் நிலையில் மட்டும் அந்தக் கூட்டுத்தொகையை நாலால் பெருக்க வேண்டும். தன் வகுப்புக்கு உரியதல்லாத திறனை வாங்கினால் இரட்டை விலை. எதையும் நிலையோடு மூன்றைக் கூட்டி வரும் எண்ணுக்கு மேல் உயர்த்த முடியாது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நாலாம் நிலையில் அறிவை ஒரு புள்ளி ஏற்றினால், அன்றிலிருந்துதான் அதற்கான உபரி வரும். கடந்துபோன மூன்று நிலைகளுக்கு வராது.

இந்தக் கடைசி விதிதான் எனக்கு ஒரு உண்மையைக் காட்டியது. தாளில் இருப்பது இன்றைய கணக்கு மட்டும். அழித்து அழித்து எழுதிய ஒற்றை எண். எந்த வயதில் எதைக் கற்றாள், எந்தச் சமயத்தில் புத்தி தெளிந்தாள் என்பது தாளுக்குத் தெரியாது. விதிகளோ அந்த வரலாற்றைத் தெரிந்துவைத்திருக்கச் சொல்கின்றன. ஏழாம் நிலைக்கு வந்தபோது என் ரோக்கின் திறன் புள்ளிகள் சரியா தப்பா என்று மேசையில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நினைவிலிருந்து அவள் வாழ்க்கையைத் திரும்ப எழுதினேன்.

அடுத்த வாரம் தோழி ஒருத்தி பிசிஜென் என்ற மென்பொருளைக் காட்டினாள். ஜாவாவில் எழுதியது, திறந்த மூலம், காசு கிடையாது. என் ரோக்கை முதல் நிலையிலிருந்து ஒவ்வொரு படியாக அதில் ஏற்றினேன். நாலாம் நிலையில் அறிவு கூடியதும், அந்த நிலையிலிருந்தே புள்ளி ஒன்று அதிகமாக வந்தது. அதாவது, அந்த மென்பொருளுக்கு அவளுடைய வயது தெரிந்திருந்தது! இறுதியில் ஒரு பொத்தானை அழுத்தியதும் அச்சிட்ட தாள் வந்தது. எல்லாக் கூட்டலும் சரி. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னும் வைத்திருக்கிறேன்.

பிசிஜென்னில் இன்னொரு அற்புதம் உண்டு. விதிகள் அத்தனையும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகத் தனியே இருக்கும். எந்த எடிட்டரிலும் திறக்கலாம். ஒரு வரிக்கு ஒரு பொருள், ஒரு வரிக்கு ஒரு மந்திரம். உலகெங்கிலுமிருந்து தன்னார்வலர்கள் உட்கார்ந்து புத்தகம் புத்தகமாக அவற்றைத் தட்டச்சு செய்திருந்தார்கள். 2000-இல் மூன்றாம் பதிப்போடு ஓஜிஎல் என்ற திறந்த உரிமம் வந்ததால்தான் அவர்களால் அதைச் சட்டப்படி செய்ய முடிந்தது. எங்கள் கதை சொல்லி தன் உலகத்துக்கென்று உப்பளத்தில் வாழும் ஒரு இனத்தைக் கற்பனை செய்திருந்தாள். அதற்கு நான் பதினோரு வரி எழுதிச் சேர்த்தேன். மென்பொருளை மீண்டும் திறந்தால், எல்ஃப், குள்ளர் பட்டியலுக்கு நடுவே எங்கள் உப்பள மக்கள்! யாரையும் கேட்க வேண்டியதில்லை, அனுமதி வேண்டியதில்லை. அந்த இரவு நான் தூங்கவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. ஒரு காலத்தில் மாதச் சந்தா கட்டி, ஒரு பெரிய நிறுவனத்தின் இணையக் கருவியில் கதாபாத்திரங்களைச் சேர்த்து வந்தேன். பார்க்க அழகாக இருக்கும், வேகமாகவும் இருக்கும். ஆனால் எல்லாம் அவர்கள் சர்வரில். ஒருநாள் அதை மூடினார்கள். என் பதினேழு பேரும் போனார்கள். அறிவிப்பு மின்னஞ்சல் வந்த வாரத்தில் நான் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தேன், பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, கோப்பு என் கையில் இருக்குமா என்பதுதான். இருக்காது என்றால், அது எவ்வளவு அழகானாலும் எனக்கு வேண்டாம்.

பாத்பில்டருக்கு வருகிறேன். பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு 2019 ஆகஸ்டில் வந்தது. வெளியிடுவது பைசோ என்ற நிறுவனம். இதில் கதாபாத்திரத்துக்கு இருபது நிலைகள். இனத்துக்குரிய சிறப்புத் தேர்வு 1, 5, 9, 13, 17-ஆம் நிலைகளில். பொதுத் தேர்வு 3, 7, 11, 15, 19-இல். வகுப்புக்குரியதும் திறனுக்குரியதும் இரட்டைப்படை நிலைகளில். இருபதாம் நிலைக்கு வருவதற்குள் பெரும்பாலான வகுப்புகளுக்கு முப்பது தேர்வுகளாவது ஆகிவிடும். ரோக்குக்கு நாற்பதைத் தாண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் நீண்ட பட்டியல். பல தேர்வுகளுக்கு முன்நிபந்தனை: இதை எடுத்திருந்தால்தான் அது, இந்தத் திறனில் நிபுணராக இருந்தால்தான் அது.

பாத்பில்டர் இந்த மலையைப் படிக்கட்டாக்கிவிட்டது. ஒன்றிலிருந்து இருபது வரை நிலைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் நீங்கள் நிரப்ப வேண்டிய கட்டங்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால், அந்த இடத்தில் உங்களால் எடுக்கக்கூடியவை முன்னால் வரும். எதைத் தொட்டாலும் அதன் முழு விதியும் பக்கத்திலேயே விரியும். ஆறாம் நிலையில் நிற்கும்போது ஒன்றாம் நிலைக்குத் திரும்பிப் போய், "இவள் சிறுவயதில் மாலுமியாக இல்லாமல் மூலிகை வைத்தியராக இருந்திருந்தால்?" என்று மாற்றலாம். மாற்றியதும், அதனால் செல்லாமல் போன பின்னாள் தேர்வுகள் தெரிந்துவிடும். ஒரு மனுஷியின் வாழ்க்கையை நடுவில் பிடித்து வேறு பக்கம் திருப்பிப் பார்க்கிற சுகம் வேறு எங்கே கிடைக்கும்?

கணக்கு வேலை கண்ணுக்கே தெரிவதில்லை. வலிமையை ஒரு புள்ளி ஏற்றினால் வாள்வீச்சு மாறும், அடியின் பலம் மாறும், மதிலேறும் திறன் மாறும், தூக்கக்கூடிய சுமை மாறும், கனத்த கவசத்தில் நடக்கும் வேகம்கூட மாறலாம். நிலை ஒன்று ஏறினால் பயிற்சி பெற்ற திறன்கள் அத்தனையும் ஒன்று ஏறும், ஏனென்றால் பயிற்சிக்கு நிலையோடு இரண்டு, நிபுணத்துவத்துக்கு நாலு, தேர்ச்சிக்கு ஆறு, புகழ்பெற்ற நிலைக்கு எட்டு என்று கூட்டுவது விதி. காகிதத்தில் இது அரை மணி நேர அழிரப்பர் வேலை. இங்கே கண்மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும்.

ஒரு தனி உருவாக்குநரின் கைவேலை இது என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அடிப்படை முழுக்க இலவசம். ஒரே ஒரு முறை சிறு தொகை கட்டினால் இன்னும் சில வசதிகள் திறக்கும். மாதச் சந்தா கிடையாது. நான் முதல் வாரமே கட்டினேன். உங்கள் கதாபாத்திரத்தைக் கோப்பாக வெளியே எடுத்து, ஃபவுண்டரி போன்ற மெய்நிகர் மேசைகளில் ஏற்றிக்கொள்ளலாம். பைசோவும் பெரிய மனசோடு நடந்துகொண்டது: ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் என்ற தளத்தில் விதிகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. விதிகளைப் பூட்டி வைக்காத விளையாட்டுக்குத்தான் இப்படிப்பட்ட கருவிகள் பிறக்கும். இதை நான் அடித்துச் சொல்வேன்.

சரி, என் மகனின் பூசணிக்கு வருவோம். லெஷி இனம் எடுத்தாயிற்று. அடுத்தது பின்னணி, அதாவது இந்த ஆள் சாகசத்துக்கு வரும் முன் என்னவாக இருந்தான் என்பது. மதுக்கடைக்காரன், வழக்கறிஞர், வைத்தியன், சுரங்கத் தொழிலாளி, நாடோடி என்று பட்டியல் ஓடுகிறது. அவன் விரல் "கைதி" என்ற இடத்தில் நின்றது.

"அம்மா, பூசணிக்காயை ஏன் ஜெயில்ல போட்டாங்க?"

"நீதான் சொல்லணும். உன் ஆளு."

யோசித்துக்கொண்டே தொட்டான். கைதிப் பின்னணி கூடவே சிலவற்றைக் கொண்டு வருகிறது: ஒளிந்து நடக்கும் பயிற்சி, நிழல் உலகத்தைப் பற்றிய அறிவு, அனுபவமுள்ள கடத்தல்காரன் என்ற திறன் தேர்வு. சின்னப் பொருளை யாரும் கண்டுபிடிக்காமல் ஒளித்து வைப்பதுதான் அந்தத் தேர்வின் சாரம். உடலுறுதிக்கு ஒரு ஏற்றமும் உண்டு. அவன் அதை எடுத்தபோது உயிர்ப்புள்ளி 17-லிருந்து 18 ஆனது. "ஜெயில்ல இருந்ததால உடம்பு தேறிடுச்சு!" என்று குதித்தான்.

பிறகு சத்தமே இல்லை. திரையின் ஒரு மூலையில் பொள்ளல் தலை. இன்னொரு மூலையில் ஒளித்து வைக்கும் திறமை. நடுவில் சிறைச்சாலை. மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் மெதுவாக மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, அவன் தலைக்குள்ள ஒரு சாவி இருக்கு. ஜெயில்ல பக்கத்து அறையில இருந்த தாத்தா கொடுத்தது. எந்தப் பூட்டுக்குன்னு அவனுக்கே தெரியாது."

யாரும் சொல்லித் தரவில்லை. மென்பொருளும் கதை எழுதவில்லை. வெவ்வேறு இடத்தில் கிடந்த மூன்று விதிகளை அது பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது, அவ்வளவுதான். பொறி அந்தப் பையனுடையது. இப்படி ஒரு பொறிக்காகத்தான் நாங்களெல்லாம் இந்த மேசையில் உட்காருகிறோம்.

வேறு இரண்டு விளையாட்டுகளைப் பற்றியும் சொல்லாமல் முடித்தால் எனக்கு ஆறாது.

கர்ப்ஸ் என்ற விளையாட்டு ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தினுடையது. பகடையே இல்லாமல், புள்ளிகளைச் செலவழித்து ஆளை வாங்க வேண்டும். வலிமை ஒரு படி ஏற 10 புள்ளி, லாவகமும் அறிவும் படிக்கு 20. குறைகளை ஏற்றுக்கொண்டால் புள்ளி திரும்பக் கிடைக்கும். ஒற்றைக் கண் என்றால் 15 புள்ளி. உண்மையே பேசுவேன் என்பதும் குறைதான், 5 புள்ளி! இதற்கு ஜிசிஎஸ் என்ற திறந்த மூல மென்பொருள் உண்டு. செலவழித்த புள்ளி, மீதிப் புள்ளி எல்லாம் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டு பட்ஜெட் போடுவது போலத்தான். பொறுமைசாலிகளுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

அடுத்தது டிராவலர். மார்க் மில்லர் எழுதி 1977-இல் வந்தது. விண்வெளிக் கதை. நான் தலைவணங்கும் விளையாட்டு இது, ஏனென்றால் இங்கே கதாபாத்திரத்தை உருவாக்குவது என்றால் அவரை வாழ வைப்பது. பதினெட்டு வயதில் கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல், துப்பாய்வுப் பணி என்று ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். நாலு வருடத்துக்கு ஒரு தவணை. ஒவ்வொரு தவணையிலும் பிழைத்தாயா என்று இரண்டு பகடை உருட்ட வேண்டும். பிழைக்கவில்லை என்றால், ஆட்டம் தொடங்கும் முன்பே அந்த ஆள் செத்துவிட்டார். புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான்.

துப்பாய்வுப் பணிக்கு ஏழோ அதற்கு மேலோ விழ வேண்டும். உடலுறுதி போதாதவருக்கு அது 36-இல் 21 வாய்ப்பு. மூன்று தவணை உயிரோடு தாண்டுபவர் ஐந்தில் ஒருவர்தான். கையால் உருட்டினால் ஒரு மாலையில் ஐந்தாறு வாழ்க்கை பார்க்கலாம். நான் பைத்தானில் சின்ன நிரல் ஒன்று எழுதிக்கொண்டேன். அட்டவணைகளை அப்படியே ஏற்றினேன், ஒரு விதியைக்கூட மாற்றவில்லை. விசையை அழுத்தினால் ஒரு வாழ்க்கை. வரி வரியாக வரும்: சேர்ந்தாள், விண்ணுடை கற்றாள், பிழைத்தாள், வழிகண்டறியக் கற்றாள், பிழைத்தாள். பாதி வரிகள் சாவில் முடியும். இருபத்திரண்டு வயதில் முடிந்துபோனவர்களின் வரிகளையும் நான் அழிப்பதில்லை.

ஒருநாள் நாலு தவணை தாண்டி ஒருத்தி வந்தாள். எட்டில் ஒருவருக்கும் குறைவான வாய்ப்பு அது. டிராவலரில் ஆறு குணங்களையும் ஆறு எழுத்தாகச் சேர்த்து எழுதுவார்கள். பத்தை ஏ என்று குறிப்பார்கள். அவள் 7ஏ8965. வலிமை 7, லாவகம் 10, உடலுறுதி 8, அறிவு 9, கல்வி 6, சமூக அந்தஸ்து 5. முப்பத்து நாலு வயதில் முதுமைப் பகடை உருட்டும் கட்டம் வந்தது. அடுத்த வரியில் 6ஏ8965. ஒரே ஒரு எண் மாறியிருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தேன். பதினாறு வருடம் ஆளில்லாத விண்மீன்களுக்கிடையே ஓடிய ஒருத்தி, முதல்முறையாக ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் கீழே வைக்கிறாள். பணியை விட்டு வந்தபோது பகடை அவளுக்கு ஒரு துப்பாய்வுக் கப்பலையும் கொடுத்திருந்தது. கையில் கப்பல், தோளில் வலி. இவளைவிட உயிருள்ள ஒரு கதாநாயகியை நான் யோசித்து எழுதியிருக்கவே முடியாது.

எங்கள் மேசையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். 1970-களிலிருந்து ஆடுகிறவர். கருவி வந்தால் கற்பனை போய்விடும், பட்டியலில் தட்டித் தட்டி எல்லோரும் ஒரே மாதிரி ஆட்களைக் கொண்டு வருவார்கள் என்பது அவர் வாதம். அவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவே மாட்டேன். காகிதத்தில் ஒரு ஆளை உருவாக்க ஒரு மாலை ஆகும் என்றால் யாரும் புது ஆளை முயலமாட்டார்கள். போன தடவை செய்த வாள்வீரனையே பெயர் மாற்றிக் கொண்டு வருவார்கள். நானே வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். முயற்சி பத்து நிமிடம் என்றால்தான் பூசணிக்காய்க் கைதி பிறப்பான். என் கணினியில் 140 பேர் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களை நான் ஒருபோதும் ஆடப்போவதில்லை. அவர்களில் ஒருவர்கூட இன்னொருவர் மாதிரி இல்லை.

உங்கள் வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பாத்பில்டரை உலாவியில் திறந்து அதன் முன்னால் உட்கார வையுங்கள். புத்தகம் வாங்க வேண்டாம், பகடைகூட வேண்டாம். இனம், பின்னணி, வகுப்பு என்ற அந்த மூன்று கட்டங்களில் மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். பட்டியலை முழுக்கப் படிக்க விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இவன் முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தான்?" என்று மட்டும் கேளுங்கள்.

என் மகனின் பூசணி இப்போது நாலாம் நிலையில் இருக்கிறான். சாவி இன்னும் தலைக்குள்தான் இருக்கிறது.